எம்ஜிபி ஹீட்டர் கோர்: பழையதைச் சரிசெய்வதா, புதியது வாங்குவதா? பெட்டியை ஏற்றும் வரிசை?

#1 துருவேட்டை

கார் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி. பாடி பெயின்ட் முடிஞ்சாச்சு. எஞ்சின், டாஷ்போர்டு இரண்டும் வெளியே. ஹீட்டர் பெட்டியைக் கழற்றி மேசையில் வச்சிருக்கேன். முன்மூடியின் ஸ்பிரிங் கிளிப்புகளை எடுத்துட்டு கோரை (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) உருவினால், கீழ் மூலையில் பச்சைப் பூப்பு. குழாய் வந்து சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி. ஃபின்கள் (காற்று படும் மெல்லிய தகடுகள்) பரவாயில்லை.

கேள்விகள்: இதைச் சோதித்துத் திரும்பப் போடலாமா? அலுமினியக் கோர் வாங்கலாமா? பெட்டிக்குள் எந்த ஃபோம், எவ்வளவு தடிமன்? எஞ்சின் முதலா, ஹீட்டர் முதலா?

#2 பித்தளைக்கை

பச்சைப் பூப்பை மட்டும் பார்த்துத் தூக்கி எறியாதீங்க. அது பழைய ஒழுகலின் தடமா இருக்கலாம், மேலே சொட்டின தண்ணீரா இருக்கலாம். வெள்ளைப் பொடிதான் கவனிக்க வேண்டியது. ஈயப்பற்று அரிச்சு வெளியே பூக்கிறது. உள்ளேயும் அதே பூப்பு டியூப் வாய்களை அடைச்சிருக்கும்.

முதலில் ஓட்டச் சோதனை, பிறகு அழுத்தச் சோதனை. இந்த வரிசையை மாற்றாதீங்க. அழுக்கே துளையை அடைச்சு நிறுத்தியிருக்கும்; கழுவின பிறகுதான் உண்மை தெரியும்.

ஓட்டம்: அரை அங்குல ஹோஸை வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, முப்பது விநாடியில் வாளியில் எவ்வளவு விழுதுன்னு அளங்க. குழாயின் திறப்பை மாற்றாமல் அதே ஹோஸோடு கோரைச் சேர்த்து மறுபடி அளங்க. முக்கால் பங்குக்குக் கீழே வந்தால் அடைப்பு உறுதி. வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்க. போதலைன்னா சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு சுமார் 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீரில். கோரை நிரப்பி ஒரு மணி நேரம் வச்சு, கொட்டி, மறுபடி நிரப்புங்க. ராத்திரி முழுக்க ஊற வைக்காதீங்க, ஈயத்தையும் தின்னும். கடைசியில் சமையல் சோடா கலந்த தண்ணீர் ஒரு தடவை, பிறகு வெறும் தண்ணீர் தெளிவா வரும்வரை.

அழுத்தம்: கோரின் ஒரு குழாயில் சின்ன ஹோஸ் துண்டைப் போட்டு, அதன் மறுமுனையில் போல்ட்டைச் சொருகி கிளிப் போடுங்க. இன்னொன்றில் கேஜ் உள்ள சைக்கிள் பம்ப். ரேடியேட்டர் கேப்பில் அச்சிட்ட அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு போதும். 10 பிஎஸ்ஐ கேப் என்றால் 15. கம்ப்ரெஸரை நேரா மாட்டாதீங்க, கை கொஞ்சம் தாண்டினாலும் டாங்க் (கோரின் முனையில் உள்ள பித்தளைப் பெட்டி) உப்பிடும். கோரை வெந்நீரில் முழுக்கி வையுங்க. குளிர்ந்த தண்ணீரில் இறுக்கமா நிற்கிற விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். பத்து நிமிஷம் குமிழி இல்லை, முள் இறங்கலை என்றால் கோர் நல்லது.

#3 ஸ்பேனர்_7_16

இவ்வளவு மெனக்கெட்டு ஐம்பது வருஷப் பழைய கோரை எதுக்குப் போடணும்? புது அலுமினியக் கோர் எடை குறைவு, ஈயப்பற்றே கிடையாது, பூக்கவும் பூக்காது. கார் பிரிஞ்சு கிடக்கும்போதே மாற்றிடுங்க. அப்புறம் ஒழுகினால் கார்ப்பெட் போகும், வேலையும் இரட்டிப்பு.

#4 பித்தளைக்கை

அலுமினியம் கூடாதுன்னு சொல்லலை. வாங்கும் முன் மூணு விஷயம் பாருங்க.

ஒன்று, குழாய்களின் இடம். எம்ஜிபி பெட்டியில் இரண்டு குழாயும் தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியா வெளியே வரணும். பல மாற்றுக் கோர்களில் அவை சில மி.மீ. தள்ளியிருக்கும். வளைச்சு உட்கார வச்சால் அந்த இழுவை அப்படியே டாங்க் மூட்டில் நிற்கும். ஆறு மாசம் கழிச்சு அங்கேயே விரியும்.

இரண்டு, தடிமன். கோர் பழசைவிட மெல்லிசா இருந்தால் சுற்றிலும் சந்து விழும். காற்று எளிய வழியாத்தான் போகும். ஃபின்களை விட்டுட்டு சந்தில் ஓடும். சூடு வரலைன்னு அப்புறம் தெர்மோஸ்டாட்டைத் திட்டுவோம்.

மூணு, கூலன்ட். ரேடியேட்டர் செம்பு-பித்தளை. அதிலிருந்து கரைஞ்சு வரும் செம்பு அலுமினியத்தில் படிஞ்சு ஊசித்துளை போடும். தடுப்பான் உயிரோடு இருக்கிற கூலன்ட் என்றால் பயமில்லை. நாலு வருஷமா மாற்றாமல் ஓட்டுகிறவர் அலுமினியம் பக்கம் போகவேண்டாம்.

செம்பு சூட்டை நல்லாக் கடத்தும், அதனால் செம்புக் கோர்தான் சூடா ஊதும்னு ஒரு பேச்சு எப்பவும் வரும். செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்கு 237 வாட்/மீ.கெ. உண்மைதான். ஆனா இங்கே தடை உலோகத்தில் இல்லை, காற்றுப் பக்கத்தில். ஃபின் பரப்பும் காற்று எவ்வளவு பாயுது என்பதும்தான் முடிவு செய்யும். உலோகத்தைப் பார்த்து வாங்காதீங்க, அளவைப் பார்த்து வாங்குங்க.

என் வரிசை: பழசு சோதனையில் தேறினால் அதுவே. தேறலைன்னா பழைய டாங்க்களையும் குழாய்களையும் வச்சே ரேடியேட்டர் வேலை தெரிஞ்சவரிடம் ரீகோர் (நடுவில் உள்ள டியூப், ஃபின் பகுதியை மட்டும் புதுசா மாற்றுவது). அதுவும் முடியலைன்னா அளந்து புதுசு.

#5 ஸ்பேனர்_7_16

குழாய் தள்ளியிருக்கும் விஷயம் சரி, ஒத்துக்கிறேன். அதுக்குக் கோரை வளைக்காமல் தகட்டு ஓட்டையை அரத்தால் நீட்டி, ரப்பர் கிராமெட் போட்டால் முடிஞ்சது. ஆனா பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாடியே செய்யணும், இல்லைன்னா வெட்டின விளிம்பில்தான் முதல் துரு.

#6 துருவேட்டை

சோதிச்சாச்சு. ஓட்டம் முதலில் பாதிகூட இல்லை. இரண்டு தடவை சிட்ரிக் ஊற்றின பிறகு முக்காலுக்கு மேலே. ஆனா 15 பிஎஸ்ஐயில் குழாய் மூட்டிலிருந்து சின்னக் குமிழிச் சரம். வேறெங்கும் இல்லை. அந்த மூட்டை மட்டும் நானே பற்றவைக்கலாமா?

#7 பித்தளைக்கை

செய்யலாம், ஆனா இங்கேதான் நிறைய கோர் சாகுது. கேஸ் டார்ச்சைக் காட்டினால் ஒழுகிற மூட்டு சேரும் முன் பக்கத்து மூட்டு இளகிடும். டாங்க்கைச் சுற்றி ஈரத்துணி சுற்றுங்க, மூட்டு மட்டும் வெளியே தெரியட்டும். பெரிய முனை உள்ள சால்டரிங் அயர்ன், 100 வாட்டுக்குக் குறையாமல். சின்ன அயர்ன் என்றால் சூடு டாங்க்குக்கே ஓடிடும்.

வெள்ளைப் பூப்பு மேல் புது ஈயம் ஒட்டாது. பித்தளை மினுங்கும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு, ஃபிளக்ஸ் பூசி, பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு வையுங்க. மேலே பூசி மூடுவது பிளாஸ்டர் ஒட்டுகிற மாதிரிதான். ஆறின பிறகு ஃபிளக்ஸை வெந்நீரில் சுத்தமாக் கழுவணும், மிச்சம் இருந்தால் அதுவே அரிக்கும். ஈயப் புகை, தூசி இரண்டும் நல்லதில்லை: திறந்த இடம், முகமூடி, கைகழுவல்.

திரும்ப வெந்நீர்ச் சோதனை. இரண்டாவது இடத்தில் குமிழி கிளம்பினால் துரத்தாதீங்க, ரீகோருக்குக் கொடுத்திடுங்க.

ரேடியேட்டரில் ஊற்றும் லீக் ஸ்டாப் பொடியை இந்தக் கார் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். துளையைத் தேடிப் போகும் முன் மெல்லிய டியூப்களில்தான் அது படியும். சுற்றில் மிக மெல்லிய டியூப் ஹீட்டர் கோரில்தான் இருக்கு.

#8 நாலாவதுகியர்

ஃபோம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. இது வேலையில் பாதி, அதனால் கொஞ்சம் நீளம்.

பழைய ஃபோம் தொட்டாலே பொடியாகும். அந்தப் பொடிதான் விசிறி போட்டதும் டிஃபிராஸ்டர் (முன் கண்ணாடிக்குக் காற்று ஊதும்) வாயிலிருந்து கறுப்பா முகத்தில் பறக்கும். புட்டி பிளேடால் சுரண்டி, பசைக் கறையை டர்பன்டைன் துணியால் துடைச்சு, தகடு தெரியும்வரை வாங்க. துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் பூசி, கழுவிக் காய வச்சு, எபாக்சி பிரைமர், மேலே சாதாரண எனாமல். எக்ஸாஸ்ட்டுக்கு அடிக்கும் பெயின்ட் வேண்டாம். இங்கே கூலன்ட் சூட்டுக்கு மேல் போகாது. மூடியும் கிளிப்பும் உட்காரும் விளிம்பில் பெயின்ட்டைத் தடிமனா ஏற்றாதீங்க, கிளிப் ஏறாது, ஏற்றினால் உரிச்சுக்கிட்டு வரும்.

ஃபோம் மூடிய அறை வகை. அழுத்தி நனைச்சால் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. சோஃபா பஞ்சு மாதிரித் திறந்த அறை ஃபோம் ஈரத்தைப் பிடிச்சு வச்சு, புதுசா அடிச்ச தகட்டை உள்ளிருந்தே தின்னும். கோரின் நாலு பக்கத்துக்கும் 6 மி.மீ. பட்டை, சந்து பெரிசுன்னா 10. கோர் கையால் தள்ளும்போது இறுக்கமாப் போகணும், சுத்தியல் தேவைப்படக் கூடாது. ஃபின் முகத்தில் ஒரு விரல் அகலம்கூட ஏறக் கூடாது, அவ்வளவு சூடு நஷ்டம்.

ஃபிளாப்புக்கு (காற்றைத் திருப்பும் கதவு) வேற அளவு: 3 மி.மீ. மட்டும். இங்கே 6 ஒட்டினால் ஃபிளாப் முழுக்க மூடாது, கேபிள் எவ்வளவு இழுத்தாலும் அரைக்கதவு திறந்தே நிற்கும். ஒட்டின பிறகு ஃபிளாப்பைக் கையால் இரண்டு முனைவரை தள்ளிப் பாருங்க. உள்ளே ஒரு டார்ச் விளக்கை வச்சு அறையை இருட்டாக்கினால் எந்த ஓரத்தில் வெளிச்சம் கசியுதுன்னு பளிச்சுன்னு தெரியும்.

பசை: கான்டாக்ட் பசை. ஃபோமோடு வரும் ஸ்டிக்கர் பசை மட்டும் நம்பினால் முதல் வெயிலில் உரியும்.

#9 துருவேட்டை

ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் அறைக்கும் காருக்குள்ளுக்கும் இடையிலான தடுப்புத் தகடு) பெட்டிக்கும் நடுவில் உள்ள சீல்? அதையும் பசை போட்டு இரண்டு பக்கமும் ஒட்டணுமா?

#10 நாலாவதுகியர்

பெட்டிப் பக்கம் மட்டும் ஒட்டுங்க. பாடிப் பக்கத்தில் முகப்பவுடரோ சிலிக்கான் கிரீஸோ தடவி விடுங்க. இரண்டு பக்கமும் ஒட்டினால் அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களைத் திட்டிக்கிட்டேதான் கழற்றுவார்.

வரிசைக்கு வருவோம். பெட்டி எஞ்சின் பக்கத்திலிருந்து ஃபயர்வால் தட்டில் மேலிருந்து இறங்குது. கீழ்ப்பாதி ஓட்டை வழியா காருக்குள்ள போகுது. அதனால்:

வயரிங் லூம், பிரேக் குழாய்கள் முதல். பிறகு மேல் காற்றறையின் வடிகால் குழாய். விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே உள்ள கிரில்லில் விழும் மழைத் தண்ணீர் இந்தக் குழாயில்தான் கியர்பாக்ஸ் பக்கம் இறங்கும். இலை அடைச்சிருந்தால் அறையில் தேங்கி, பெட்டி ஓரமா உள்ளே வரும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கீழே வருதான்னு பார்த்துட்டுத்தான் பெட்டியை ஏற்றணும்.

பிறகு பெட்டி. மோட்டார், கோர், ஃபிளாப் எல்லாம் பூட்டின நிலையில். மோட்டாரை மேசையிலேயே 12 வோல்ட்டில் ஓட்டிச் சத்தம் கேளுங்க, புஷ்ஷுக்கு ரெண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். ஏற்றின பிறகு கீச்சுன்னு கத்தினால் மறுபடி எல்லாம் வெளியே. எஞ்சின் இல்லாத இப்போதே செய்யுங்க, பானெட்டும் இல்லைன்னா இன்னும் நல்லது. ஒருவர் மேலிருந்து இறக்க, இன்னொருவர் உள்ளே படுத்துக்கொண்டு கீழ்ப்பாதியை வழிநடத்தணும். ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் நாலு திருப்பு மட்டும் பிடிக்க வச்சுட்டு, சீல் சமமா அமுங்கின பிறகுதான் இறுக்கணும். முதல் ஸ்க்ரூவையே இறுக்கினால் எதிர் மூலை ஓட்டை ஒத்து வராது.

அடுத்து டிஃபிராஸ்டர் குழாய்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். காற்று ஃபிளாப்பின் கேபிளை டாஷ் இல்லாத இப்போதே மாட்டிடுங்க. டாஷ் ஏறின பிறகு அந்த ஸ்க்ரூவுக்கு மூணாவது முழங்கை வேணும். டாஷ்போர்டு இதுக்கெல்லாம் பிறகுதான்.

#11 ஸ்பேனர்_7_16

ஒரு சேர்க்கை. சிலிண்டர் ஹெட் பின்பக்கத்தில் உள்ள, கோருக்குப் போகும் சூடான கூலன்ட்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வை மறக்காதீங்க. கோர் புதுசு, வால்வு பழசுன்னு போட்டால் ஸ்பிண்டில் வழியாச் சொட்டும், எஞ்சின் மேல் விழுவதால் வெகுநாள் கண்ணில் படாது. வாயால் ஊதிப் பாருங்க: மூடினால் முழுக்க அடைக்கணும், திறந்தால் தடையே இருக்கக் கூடாது.

வால்வை எடுத்ததும் ஹெட்டில் உள்ள துளைக்குள் கம்பி விட்டுக் கிளறுங்க. சுற்றின் கடைசி மூலை அது. துரு வண்டல் அங்கேதான் சேறா நிற்கும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் குழி இருந்தால் புது கேஸ்கெட்டாலும் ஒழுகும். தட்டையான கட்டையில் எமரி தாள் வச்சு சமன் பண்ணுங்க. ஸ்டட்களில் ஆன்ட்டி-சீஸ். நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமா. வால்வு பாடி வலுவில்லாத உலோகம், ஒரு பக்கம் இறுக்கினால் காது உடையும்.

கேபிள் செட் பண்ணும்போது டாஷ் குமிழ் முழு சூட்டில், வால்வு முழுத் திறப்பில் இருக்கும் நிலையில் பூட்டுங்க. மூடும் பக்கம் ஒரு மி.மீ. குறைஞ்சால் கோடையில் கால் கொஞ்சம் வேகும், அவ்வளவுதான். திறக்கும் பக்கம் குறைஞ்சால் ஹீட்டர் இருந்தும் இல்லாத கணக்கு.

#12 மழைக்கூரை

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் கார் ஓடுது, டாஷ் உள்ளேயே இருக்கு. விண்ட்ஸ்கிரீன் உள்பக்கம் பிசுபிசுன்னு மூட்டம், இடது கால் பக்கம் கார்ப்பெட் ஈரம். டாஷைத் தொடாமல் பெட்டியை வெளியே எடுக்க முடியுமா?

#13 நாலாவதுகியர்

எடுக்கும் முன், அது கூலன்ட்தானா என்று பாருங்க. வெள்ளைத் தாளை ஈரத்தில் ஒற்றி எடுத்து விரலால் தேய்ங்க. வழுக்கல், லேசான நிறம், இனிப்பு மணம் என்றால் கோர். வெறும் தண்ணீர் என்றால் மேலே சொன்ன வடிகால் குழாய் அடைப்பு. கோரைத் தொடவே வேண்டாம். கண்ணாடியில் பிசுபிசுப்பு இருக்குன்னு சொல்றதால் உங்களுக்குக் கோர்தான்னு தோணுது. நாக்கில் வச்சுப் பார்க்காதீங்க, எத்திலீன் கிளைக்கால் விஷம். கீழே சிந்தினதையும் உடனே கழுவி விடுங்க. இனிப்பா இருப்பதால் நாய், பூனை நக்கிடும்.

டாஷ் இருந்தும் எடுக்கலாம். நடுக் கன்சோல், ரேடியோ வெளியே வரணும். பேட்டரியைக் கழற்றி, எஞ்சின் முழுக்க ஆறின பிறகு ரேடியேட்டரையும் பிளாக்கையும் வடியுங்க. வடிச்சாலும் கோருக்குள் கொஞ்சம் நிற்கும். ஒரு குழாயில் ஊதி, இன்னொன்றில் பாத்திரம் பிடிங்க, இல்லைன்னா தூக்கும்போது பெயின்ட் மேல் கொட்டும்.

ஹோஸ்களை முறுக்கி இழுக்காதீங்க. #1இல் சொன்ன வெள்ளைப் பொடி மூட்டு முறுக்கினால்தான் போகும். கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சு எடுங்க. ஹோஸ் எப்படியும் புதுசுதான் போடப் போறீங்க. உள்ளே டிஃபிராஸ்டர் குழாய்கள், ஃபிளாப் கேபிள், வெளியே மோட்டார் வயர், பிறகு தட்டைச் சுற்றி உள்ள ஸ்க்ரூக்கள். எல்லாம் எடுத்தும் பெட்டி அசையாது, சீல் பிடிச்சிருக்கும். ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு நெம்பினால் ஃபயர்வால் விளிம்பு வளையும். நைலான் மீன்பிடி நரம்பை ஒரு மூலையில் நுழைச்சு, ரம்பம் மாதிரி இழுத்துச் சுற்றி அறுங்க. அப்புறம் நேரா மேலே தூக்கி முன்பக்கம் சாய்ச்சு எடுங்க.

எஞ்சினும் டாஷும் ஏற்கனவே வெளியே வந்த காரைவிட இது மூணு மடங்கு பொறுமை கேட்கும். துருவேட்டைக்கு இப்போதே முடிங்கன்னு எல்லாரும் சொல்றது இதுக்குத்தான்.

#14 துருவேட்டை

மூட்டு பிடிச்சிடுச்சு, இரண்டாவது சோதனையில் குமிழி இல்லை. பெட்டி ஏறியாச்சு. எஞ்சின் அடுத்து. கூலன்ட் நிரப்பும்போது ஏர்லாக் (உள்ளே காற்று அடைச்சு நிற்பது) வராமல் என்ன செய்யணும்? எந்தக் கூலன்ட்?

#15 பித்தளைக்கை

கூலன்ட்: பழைய வகை எத்திலீன் கிளைக்கால், சிலிக்கேட் தடுப்பான் உள்ளது, காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி. நீண்ட ஆயுள் கரிம அமில வகை நவீன அலுமினிய எஞ்சினுக்குச் செஞ்சது. ஈயப்பற்று மூட்டு உள்ள சுற்றில் அதை நான் போட மாட்டேன். சுற்று மொத்தம் ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட, ஹீட்டர் சேர்த்து. ஆறு லிட்டர் கலந்து வையுங்க. அஞ்சைத் தாண்டாமலே நிரம்பிட்டதா தெரிஞ்சால் எங்கேயோ காற்று மாட்டியிருக்கு.

இந்தக் காரில் கோர் கிட்டத்தட்ட ரேடியேட்டர் வாய் உயரத்திலேயே உட்கார்ந்திருக்கு, அதனால் தானா நிரம்பாது. முன் சக்கரங்களைச் சரிவில் ஏற்றி மூக்கைத் தூக்குங்க. வால்வு முழுத் திறப்பு. கோரிலிருந்து திரும்பும் ஹோஸைப் பெட்டிப் பக்கம் கழற்றி, அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரேடியேட்டரில் மெதுவா ஊற்றுங்க. கோர்க் குழாயில் கூலன்ட் எட்டிப் பார்க்கும்வரை. வரலைன்னா ஹோஸில் புனல் வச்சு அந்தப் பக்கத்திலிருந்தே ஊற்றுங்க. வழிஞ்சதும் ஹோஸை மாட்டிடுங்க. ஸ்டார்ட் பண்ணி தெர்மோஸ்டாட் திறக்கும்வரை, 82 டிகிரி வகை என்றால் மேல் ஹோஸ் சுடும்வரை, மிதமா ஓட்டி, அணைச்சு, முழுக்க ஆறவிட்டு மட்டம் பாருங்க. சூட்டில் கேப்பைத் திறக்காதீங்க.

#16 துருவேட்டை

ஓடுது. ஒழுகல் எங்கேயும் இல்லை. ஆனா காற்று வெதுவெதுப்புதான். இருபது நிமிஷம் ஓட்டினாலும் அவ்வளவே.

#17 ஸ்பேனர்_7_16

இரண்டு ஹோஸையும் கையால் தொடுங்க, விசிறியிலிருந்து விரலைத் தள்ளி வச்சு. இரண்டும் குளிர்ச்சி: வால்வு திறக்கலை, இல்லை ஹெட் துளையில் வண்டல். உள்ளே போறது சூடு, வெளியே வர்றது குளிர்ச்சி: காற்று நிற்குது, இல்லை கோர் அடைப்பு. இரண்டும் நல்ல சூடு, காற்று மட்டும் வெதுவெதுப்பு: ஃபிளாப், சந்து, விசிறி. இரண்டுமே மந்தமான சூடு, டாஷில் வெப்பம் காட்டும் ஊசியும் ஏறலை: தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தே மாட்டிக்கிச்சு.

#18 துருவேட்டை

இரண்டும் கை வைக்க முடியாத சூடு. ஃபிளாப் சரி. சந்து இல்லைன்னு பெட்டியை ஏற்றும் முன் டார்ச் விளக்கில் பார்த்தேன். விசிறிச் சத்தம் இருக்கு, டிஃபிராஸ்டரில் காற்று மட்டும் சோம்பலா வருது.

#19 நாலாவதுகியர்

மோட்டார் புதுசா, பழசா? நிரந்தரக் காந்த வகை மோட்டாரில் வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். கூண்டு வகை விசிறி தலைகீழாச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனா பலம் போயிடும். சத்தமும் வழக்கம்போலவே கேட்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. 1967 வரை வந்த கார்கள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைஞ்சது), பிறகு நெகட்டிவ். பழைய காரிலிருந்து எடுத்த மோட்டார், இல்லை மேசையில் சோதிக்கும்போது கனெக்டர் மாற்றி வச்ச மோட்டார் என்றால் இதைத்தான் முதலில் பார்க்கணும். பெட்டியை எடுக்க வேண்டாம். மோட்டாரின் இரண்டு வயரையும் கனெக்டரில் இடம் மாற்றி ஓட்டுங்க.

#20 துருவேட்டை

மாற்றினேன். டிஃபிராஸ்டர் வாயில் பிடிச்ச தாள் இப்போ பறக்குது, கையை வச்சால் சுடுது.

#21 ஸ்பேனர்_7_16

நூறு கி.மீ. ஓடின பிறகு, ஆறின எஞ்சினில், ஹீட்டர் ஹோஸ் கிளிப் நாலையும் ஒரு கால் திருப்பு இறுக்குங்க. புது ரப்பர் முதல் சில சூட்டில் அமுங்கும். அதுக்கு மேல் இறுக்க வேண்டாம், குழாய் மெல்லிசு.